பெரிய வாத்தியாரும் சேர்விடாப்பும்: உங்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது?

குளக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)
செவ்வாய், இரவு 9.10

வவுனிக்குளம், பாண்டியன்குளம், மல்லாவிப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் போடுகிறோம். பெரிய வாத்தியாரைப் பற்றி 4 பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. 'அறிவுக் கண்ணைத் திறந்த ஆசான்' என்று தொடங்கி 2 பந்தி எழுதினேன். பெயரை மாற்றினால் வேறு எந்த வாத்தியாருக்கும் அது பொருந்தும். அழித்துவிட்டேன்.

என்னிடம் இருக்கிற விபரம் இவ்வளவுதான். 1929-ல் தீவுப்பகுதியில் பிறந்தவர். 1952-ல் சைவ வித்தியா விருத்திச் சங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை தொடங்கினார். இந்துபோர்ட் என்றால்தான் பழைய ஆட்களுக்கு விளங்கும். பிறகு பலாலிக் கலாசாலையில் பயிற்சி. குளத்தைத் திருத்திக் கட்டி, காணி கொடுத்துச் சனத்தைக் குடியேற்றிய நாட்களில், 50-களின் கடைசியில், எங்கள் ஊருக்கு வந்தார். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. இவரும் அரசாங்க வாத்தியார் ஆனார். 1989-ல் 60 வயதில் ஓய்வு. இப்போது 96.

37 வருடம் படிப்பித்தார், 36 வருடமாகப் பென்சன் எடுக்கிறார். "அடுத்த வருசம் கணக்குச் சரி, அதுக்குப் பிறகு நான் அரசாங்கத்துக்குக் கடன்காரன்" என்று சிரிக்கிறார். கண் மங்கல். ஒரு காது கேட்காது. ஆனால் சேர்விடாப்பில் (பள்ளிக்கூடத்தில் சேர்கிற பிள்ளைகளைப் பதிகிற புத்தகம்) உள்ள சேர்விலக்கத்தைச் சொன்னால் ஆளின் பெயரைச் சொல்கிறார்.

நல்லது மட்டும் என்றில்லை. ஞாபகம் வருவதை எழுதுங்கள்.


பாலைப்பழம்
செவ்வாய், இரவு 11.32

கனடாவில் இருந்து எழுதுகிறேன். 1963-ல் அரிவரி வகுப்பில் சேர்ந்தேன். மண்சுவர் அரைவாசிக்குத்தான், மேலே கிடுகு. சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகில் சாணிப் பச்சை ஒட்டும். ஒரு மாரியில் யானை வந்து சுவரைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாள் வாத்தியார் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் யானையின் காலடிக்குள் ஈர்க்கை வைத்து அளக்கச் சொன்னார். அன்றைய கணக்குப் பாடம் அதுதான். அளந்த எண்ணை மறந்துவிட்டேன். காலடிக்குள் தண்ணீர் தேங்கி, அதற்குள் ஒரு தவளைக்குஞ்சு நின்றது மட்டும் ஞாபகம்.

இன்னொன்று காய்ச்சல். அந்த வருடம் முழு இலங்கையிலும் 17 பேருக்குத்தான் மலேரியா என்று பிற்காலத்தில் வாசித்தேன். மலேரியா ஒழிந்தது என்று எல்லோரும் கையை விட்டுவிட்டார்கள். 68, 69-ல் அது திரும்பி வந்தபோது எங்கள் வகுப்பில் பாதி வாங்கில் காலி. வாத்தியார் வாசலில் நின்று ஒவ்வொருத்தர் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். சுட்டால் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற பணிஸைக் கையில் தந்து வீட்டுக்கு அனுப்புவார். பணிஸுக்காக வெயிலில் நின்று நெற்றியைச் சூடாக்கிக்கொண்டு போனவர்களும் இருக்கிறோம்.


கொம்பறை
புதன், காலை 6.05

நல்லது மட்டும் என்றில்லை என்று எழுதியதால் சொல்கிறேன். எனக்கு இடதுகைப் பழக்கம். அவர் பூவரசங் கம்பால் இடது கை விரல் மொழியிலேயே அடிப்பார். ஒரு தவணை முழுக்க அடித்தார். இன்றைக்கும் நான் எழுதுவது வலது கையால், மண்வெட்டி பிடிப்பது இடது கையால். கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் கை தயங்கும். வங்கியில் இரண்டு தடவை கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 77-ல் என் அப்பா பாம்பு கடித்து இறந்தபோது எங்கள் வயலுக்கு வரம்பு கட்ட வந்த ஆட்களில் அவரும் ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அதையும் எழுதுங்கள், இதையும் எழுதுங்கள்.


வெள்ளிக்கிழமை பஸ்
புதன், மாலை 4.48

வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இப்போது படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரி. பெயரைப் பார்த்தே விளங்கியிருக்கும், எங்களை இங்கே அப்படித்தான் பேசுவார்கள். திங்கள் காலை வந்து வெள்ளி மத்தியானம் பஸ் ஏறுகிறவர்கள்.

இப்படியான இழைகளில் அடுத்து வரப்போவது எனக்குத் தெரியும்: "அந்தக் காலத்து வாத்தியார்மார் ஊரோடு இருந்தார்கள், இந்தக் காலத்து ஆட்கள் கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்." ஓடுகிறோம்தான். எனக்குத் தந்த விடுதியில் மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. சாக்குத் தொங்கவிட்டு 7 மாதம் இருந்தேன். 2022-ல் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் பிந்தி வந்ததாகச் சிவப்புக் கோடு. பெரிய வாத்தியாருக்கு ஊர் காணி கொடுத்தது, வீடு கட்ட ஆள் கொடுத்தது. அவர் இங்கேயே கலியாணமும் கட்டினார். ஊர் பிடித்துக்கொண்டது, அவர் நின்றார். எங்களை யாரும் பிடிக்கவில்லை.

அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் மேல் அடிக்கும் கம்பாக அவரை எடுக்கவேண்டாம் என்கிறேன்.


கனகராயன்
புதன், இரவு 8.20

தங்கச்சி சொல்வது நியாயம். ஆனால் 60-களில் அவருக்கும் கதவு இருக்கவில்லை. மலசலகூடமே இருக்கவில்லை. சரி, அது வாதமில்லை.

நான் அந்தப் பிரிவில் கிராம சேவகராக இருந்தவன். பென்சன்காரர் ஒவ்வொரு வருடமும் தான் உயிரோடு இருப்பதாகப் படிவம் நிரப்பி எங்களிடம் உறுதிப்படுத்தவேண்டும். 85 வயதிலும் சைக்கிளில் வருவார். வந்து முன்னால் நிற்பார். நான் அவரிடம் அகரம் எழுதிப் பழகியவன்; அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் எழுதித் தரவேண்டும். ஒருமுறை அவசரத்தில் 'உறுதிபடுத்துகிறேன்' என்று ஒற்று விட்டு எழுதிவிட்டேன். படிவத்தை மெதுவாகத் திருப்பித் தந்தார். "ப் போட்டால்தான் நான் உயிரோட இருப்பன்" என்றார். வேறு படிவம் எடுத்து எழுதினேன்.

இன்னொரு கதை. 1974-ல் பல்கலைக்கழகத்துக்கு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தார் அனுமதிப் புள்ளிகளை மாற்றிய தரப்படுத்தலைப் பற்றிக் கோபப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது, அதை இங்கே கிளறவில்லை. ஆனால் வன்னிப் பிள்ளைகள் சிலர் கம்பஸ் வாசலை மிதித்ததும் அதனால்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உடனே என்ன நடந்தது? பிள்ளையை வன்னிக் கணக்கில் காட்ட வெளியில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு கடகம் கறுத்தக்கொழும்பானோடு வாத்தியார் வீட்டுக்கு வந்து, மகனைப் பழைய திகதியில் சேர்ந்ததாக இடாப்பில் பதிந்து தரச் சொல்லிக் கேட்டார். வாத்தியார் மாம்பழத்தை அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் வெட்டித் தந்தார். மனிசன் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு முடிந்ததும், "இடாப்பில திகதி வரிசையா வரும் தம்பி, நடுவில இடம் இல்லை" என்று சொல்லிக் கடகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.


குளக்கட்டு
புதன், இரவு 10.02

இடாப்புக் கதை வந்ததால் நான் முழுதாகச் சொல்கிறேன். மலரில் வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

2008 நடுப்பகுதியில் சண்டை நெருங்க, மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துச் சனம் எல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. பள்ளிக்கூடத்துச் சாமான்களை உழவு மெசினில் ஏற்றினார்கள். மேசை, அலுமாரி, நடப்பு இடாப்புகள். பழைய சேர்விடாப்பு இரண்டும் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தன. 1990-க்கு முந்தியது, இனி ஆருக்கு வேணும் என்று விட்டுவிட்டார்கள். வாத்தியாருக்கு அப்போது 79. பென்சன் எடுக்கத் தொடங்கி 19 வருடம். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. இரண்டையும் பொலித்தீனில் சுற்றி உரப்பைக்குள் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டினார்.

தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாமான் குறைந்தது. உரல் போனது, தையல் மெசின் போனது, பிறகு சைக்கிளே போனது. இரணைப்பாலையில் மனிசி கத்தினாவாம்: "அரிசியை விட்டுட்டு வாறியள், கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாறியள்." ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்த்த ஆமிக்காரப் பெடியன் ஒவ்வொரு தாளாகத் தட்டிப் பார்த்தான். சிங்களத்தில் ஏதோ கேட்டான். வாத்தியார் "ஸ்கூல்" என்று மட்டும் சொன்னார். பெடியன் பொலித்தீனை அவர் சுற்றியிருந்த மாதிரியே சுற்றிக் கொடுத்தானாம். இதை அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.


நாவலடிப் பேத்தி
வியாழன், காலை 7.15

நான் அவருடைய மகளின் மகள். அம்மப்பாவோடுதான் இருக்கிறேன். இழையை வாசித்துக் காட்டிக்கொண்டு வருகிறேன். யானைக் காலடி விட்டம் 'ஒரு முழம் நாலு விரல்' என்று உடனே சொன்னார். (உண்மையோ, இப்போது கண்டுபிடித்ததோ தெரியாது.)

மாமா விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறேன். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாமில் நாங்கள் இராமநாதன் முகாமில். எனக்கு 11 வயது. தறப்பாளுக்குள் மத்தியானம் இருக்க ஏலாது, வேகும். அம்மப்பா கிழக்குப் பக்கத்து நிழலில் உரப்பையை விரித்து அதன்மேல் இடாப்பை வைத்துக்கொண்டு இருப்பார். முதலில் ஒருத்தர் வந்தார், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் கடலோடு போய்விட்டது என்று. அம்மப்பா இலக்கத்தைத் தேடி, கொப்பித் தாளில் எடுத்து எழுதிக் கொடுத்தார். ரப்பர் முத்திரை இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த நாள் 10 பேர். பிறகு வரிசை. அதிபரைத் தேடிப் பிடித்து அவருடைய கையெழுத்தும் வாங்கச் செய்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு நடமாடும் சேவைகளில் அந்தத் தாள்களைக் காட்டித்தான் கனபேர் பத்திரம் எடுத்தார்கள்.

இடாப்பு இப்போது என் மடியில் இருக்கிறது. நீல மை. மேல் மூலையில் ஈரம் ஊறி நிரல் தலைப்புகள் கரைந்துவிட்டன, கீழே தெளிவு. சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம். காரணத்தில் ஒரே கையெழுத்தில் 30 வருடம்: 'வேறு பாடசாலை', 'தோட்ட வேலை', 'திருமணம்' (வயது 14), 'யானை', 'காய்ச்சல்', 'தெரியாது'.

பிறந்த திகதி நிரலில் சிலவற்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி. அது என்ன என்று கேட்டேன். பத்திரம் இல்லாத பிள்ளைகளாம். தாய்மாரைக் கேட்டுக் கணக்குப் பார்த்துத் தானே போட்ட திகதிகள். 57 வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை மாதம்? 64 புயலடித்த அன்று பிள்ளை தவழ்ந்ததா, நடந்ததா? வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும்போது வயிற்றிலா, இடுப்பிலா? இப்படி.


கொம்பறை
வியாழன், காலை 7.50

என் அக்காவின் பிறந்த நாள் அப்படி வந்ததுதான். வெள்ளத்துக்கு 40-ம் நாள் என்று அம்மா சொல்லி, அவர் 57 மார்கழியில் இருந்து எண்ணி எழுதினார். கனடாப் பாஸ்போட்டிலும் இப்போது அதே திகதிதான்.


தோட்டத்துப்பிள்ளை
வியாழன், இரவு 9.33

3 நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். 77 கலவரத்தில் லயத்தை எரித்தார்கள், அடுத்த வருடம் அப்பா எங்களை இங்கே கூட்டி வந்தார். எனக்கு 8 வயது. அக்கா, நான், தம்பி, தங்கச்சி, நாலு பேரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லை. அப்பாவிடம் பிரஜாவுரிமையும் இல்லை. அது 2003-ல் சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது. பத்திரம் இல்லாமலே வாத்தியார் சேர்த்துக்கொண்டார். வேறு பள்ளிக்கூடம் ஒன்றில் எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்கு நன்றி. சும்மா சொல்லவில்லை.

ஆனால் இடாப்பைத் திறந்து பாருங்கள் பேத்தி. நாலு பேருக்கும் பிறந்த நாள் ஜனவரி 1. வருடம் மட்டும் வேறு. எங்களுக்குப் பிறகு வந்த மலைநாட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தொழில் நிரலில் எல்லோருக்கும் 'கூலி'.

வெள்ளம், புயல், பொங்கல் என்று ஊர்த் தாய்மாரிடம் இருந்து கேட்டாரே, எங்கள் அம்மா பக்கத்தில்தான் நின்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார். நான் தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்து முடிந்த மூன்றாம் நாள். அக்கா தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மாதம். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அவருடைய கணக்கு வேறு கணக்கு, அவ்வளவுதான். என் பிள்ளைகள் வருடப் பிறப்பன்று கேக் வெட்டுகிறார்கள். நான் வெட்டிக்கொண்டு சிரிக்கிறேன்.

மாம்பழக் கதை நல்ல கதை. அந்த மனிசனுக்கு இடாப்பில் ஒரு திகதி பொய்யாக எழுத மறுத்தவர், எங்கள் நாலு பேருக்கும் யோசிக்காமல் எழுதினார்.


வெள்ளிக்கிழமை பஸ்
வியாழன், இரவு 10.10

என் வகுப்பு இடாப்பில் 3 பேருக்கு ஜனவரி 1 இருக்கிறது. இதுவரைக்கும் நான் ஏன் என்று கேட்டதில்லை. நாளைக்குக் கேட்கிறேன்.


கனகராயன்
வியாழன், இரவு 10.41

அந்தக் காலத்தில் ஒரே நாளில் 20, 30 பிள்ளைகள் வந்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். காந்தியம் அமைப்பின் ஆட்கள் மலைநாட்டுச் சனத்தை வவுனியாப் பக்கத்தில் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள், எங்கள் பக்கமும் சனம் வந்தது. ஒரு வாத்தியார் எவ்வளவைத்தான் கேட்பது?


தோட்டத்துப்பிள்ளை
வியாழன், இரவு 10.55

நாங்கள் வந்த அன்று நாலு பேர்தான் ஐயா.


நாவலடிப் பேத்தி
வெள்ளி, மாலை 6.20

நேற்று இரவு வாசித்துக் காட்டினேன். முதலில் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு படுத்துவிட்டார்.

இன்று காலை தேத்தண்ணி குடிக்க முதல் இடாப்பைக் கேட்டார். 1978. விரலை வைத்துத் தடவிக்கொண்டு போய், நான் இலக்கத்தை வாசிக்க வாசிக்க, நாலு வரியையும் கண்டுபிடித்தார். அங்கே பென்சில் புள்ளி இல்லை. கணக்குப் பார்த்த திகதி என்றால்தான் புள்ளி வைப்பாராம். கனநேரம் அதிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கவேணும்" என்றார். "அந்த மனிசி நின்றது ஞாபகம் இருக்கு. சேலையை முன்னால இழுத்துச் செருகியிருந்தது." வேறு சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. இடதுகைக் கதைக்கும் அவர் பதில் சொல்லவில்லை, கொம்பறை அண்ணா. நான் மறைக்கவில்லை.

பிறகு இன்னொன்று சொன்னார். எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. அவருடைய பிறந்த வருடமும் பொய்யாம். பிறந்தது 1928. பள்ளிக்கூடத்தில் பிந்திச் சேர்த்ததால் அவருடைய அப்பா ஒரு வருடத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டாராம். "என்ர அப்பு சொன்ன பொய்யை அந்த வாத்தியார் ஒரு கேள்வி கேட்காம எழுதினார். இந்த மனிசி உண்மை வைச்சிருந்தது, நான் கேட்கேல்லை."


குளக்கட்டு
வெள்ளி, இரவு 7.02

அப்ப ஆளுக்கு 97! பென்சன் போகவேண்டிய வயதுக்குப் பிறகும் ஒரு வருடம் முழுச் சம்பளம் எடுத்திருக்கிறார். அரசாங்கத்துக்குக் கடன்காரன் ஆகி எவ்வளவு காலம்! கனகராயன் ஐயா, இதை நீங்கள் வாசிக்கவில்லை.


கனகராயன்
வெள்ளி, இரவு 7.15

நான் ஓய்வு பெற்றவன். எனக்குக் கண்ணும் தெரியாது.


நாவலடிப் பேத்தி
வெள்ளி, இரவு 8.30

தோட்டத்துப்பிள்ளை, அம்மப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பழைய திகதியை வெட்டமாட்டாராம், அடையாள அட்டை, பென்சன், பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான் தொங்குகிறது, வெட்டினால் உங்களுக்குத்தான் தொல்லை. ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு நிரல் இருக்கிறது. அதில் அம்மா சொன்ன மாதிரியே எழுதலாமா என்று கேட்கிறார். 'காமன் கூத்து முடிந்த மூன்றாம் நாள். தாயார் சொன்னது.' எழுதுவது என் கை, கையெழுத்து அவர். பென்சில் சீவி வைத்திருக்கிறார். நாலு பேருக்கும் வேண்டுமாம். இழையில் இரண்டு பேருடையதுதான் இருக்கிறது.


தோட்டத்துப்பிள்ளை
சனி, அதிகாலை 1.12

அம்மா 2011-ல் போய்விட்டார். அவர் சொன்னது எனக்குத் தெரியும்.

தங்கச்சி பொங்கலுக்கு முதல் கிழமை. தோட்டத்தில் சம்பளம் போட்ட நாள்.

மூன்றாவது வரியில் இருப்பவன் தம்பி. அவனுக்குக் கடைசி நிரலில் காரணம் எழுதாமல் இருக்கும். 2009-ல் மாத்தளனுக்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அந்த நிரலில் ஒன்றும் எழுதவேண்டாம். அப்படியே இருக்கட்டும்.


நாவலடிப் பேத்தி
சனி, காலை 6.40

சொன்னேன். அந்த நிரலைத் தொடமாட்டாராம். தம்பியின் மாதத்தைக் கேட்கிறார்.


தோட்டத்துப்பிள்ளை
சனி, காலை 6.52

ஐப்பசி. தீபாவளிக்கு 5 நாள் முந்தி. விடிய விடிய மழை, மருத்துவிச்சி வந்து சேரமுதல் பிறந்துவிட்டான்.